ஹொக்கியின் செத்தவீடு

இந்த வருடம் ‘செஸோன்’ இல்லை என்று ஜினெத் சொன்னபோது நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, செப்டெம்பர் மாதம். மொன்றியல் நகரின் நடுவில், பெரிய ஐஸ் ஹொக்கி அரங்கிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த மதுச்சாலை ஒன்றின் சமையலறையில் கோழிச் செட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். அரசாங்கம் இலவசமாக நடத்திய வகுப்பில் நான் படித்த பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குப் பருவகாலம் என்று பொருள். பனிக்காலம் வராதாம் என்று விளங்கிக்கொண்டேன். ஐந்து பனிக்காலங்களை பஸ் தரிப்பில் நின்று கழித்தவளுக்கு வேறென்ன விளங்கும்? “மெர்சி, மோன் தியூ” என்றேன், சிரித்தபடி. செத்தவீட்டில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல ஜினெத் என்னைப் பார்த்தாள்.

ஜினெத் அங்கே இருபத்திரண்டு வருடமாக மேசைகளுக்குப் பரிமாறுபவள். பிறகு அவளே கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். ஹொக்கி அணிகளின் முதலாளிமாருக்கும் விளையாட்டுக்காரருக்கும் தகராறு. சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும் என்று முதலாளிமார் கேட்க, மற்றவர்கள் முடியாது என்றார்களாம். ஆகவே முதலாளிமார் விளையாட்டையே பூட்டிவிட்டார்கள். வேலைநிறுத்தம் எனக்குத் தெரியும், ஹர்த்தாலும் தெரியும். முதலாளியே கதவைப் பூட்டி வேலைக்காரரை வெளியில் நிறுத்துவதை இங்கேதான் கண்டேன். அதற்கு ‘லொக்-அவுட்’ என்று பெயர். ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை வைத்தால் முறைப்பாடு போகிற பிரெஞ்சு மாகாணமான இந்தக் கெபெக்கில், அந்த ஒரு சொல்லை மட்டும் ஒருவரும் மொழிபெயர்க்க அவசரப்படவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து தொலைக்காட்சியில் ஒப்பாரி. தாடிவைத்த பெரிய மனிதர்கள் மைக்குக்கு முன்னால் கண் கலங்கினார்கள். சனிக்கிழமை மாலையில் இனி என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். மனநல ஆலோசகர் ஒருத்தி வந்து, மனைவியோடு கதைத்துப் பாருங்கள் என்று புத்தி சொன்னாள். எங்கள் வீட்டிலும் என் கணவர் பழைய ஆட்டங்களின் மறு ஒளிபரப்புக்கு முன்னால் குந்தியிருந்து, முடிவு தெரிந்த ஆட்டத்துக்குக் கைதட்டினார்.

மன்னாரில் எங்கள் உதைபந்தாட்ட மைதானத்தில் இராணுவம் முகாம் போட்டபோது கோல் கம்பத்தில் உடுப்புக் காயப்போட்டார்கள். மறுநாளே என் தம்பியும் கூட்டாளிகளும் கோயில் வளவில் இரண்டு கல்லை வைத்து விளையாடத் தொடங்கினார்கள். அவர்களிடம் ஒருவரும் மைக்கை நீட்டி மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. அந்தப் பனிக்காலம் இங்கேயும் ஒவ்வொரு பூங்காவிலும் பனித்தளம் இருந்தது. பிள்ளைகள் மூக்கு ஒழுக ஒழுக விளையாடினார்கள். ஹொக்கி செத்துப்போயிற்று என்று அழுதவர்கள் வீட்டுக்குள், சோபாவில் இருந்தார்கள்.

உண்மையில் அடிபட்டவர்கள் தொலைக்காட்சியில் வரவில்லை. ஆட்ட நாட்களில் எங்கள் மதுச்சாலையில் நிற்கவும் இடம் இராது. ஒக்டோபரில் முழு மாலைக்கும் மூன்று பேர் வந்தார்கள். அரங்கு வாசலில் கொடி விற்றவர், வாகனத் தரிப்பிடத்தில் நின்றவர், அரங்கின் இருக்கைகளைக் கூட்டித் துடைத்த பெண்கள் எல்லாரும் வேலை இழந்தார்கள். விளையாட்டுக்காரரில் பலர் ஐரோப்பாவுக்குப் பறந்து அங்கே விளையாடினார்கள். கூட்டித் துடைத்தவர்களை சுவீடன் கூப்பிடவில்லை.

மதுச்சாலை முதலாளி எங்களையும் ஒரு பின்னேரம் வரிசையாகக் கூப்பிட்டு, வேலை இல்லை என்று அனுப்பிவைத்தார். உடுப்பு மாற்றும் அறையில் ஜினெத் அழுதாள். தோளில் கை வைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “உங்கட ஆக்களுக்கு இதெல்லாம் பழக்கம். எனக்குப் பழக்கமில்லை.”

கையை எடுத்துவிட்டேன். போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் மெத்ரோ ஏறி, பஸ் மாறி, வீடிருந்த கார்ட்டியர்விலுக்கு வந்து சேர்ந்தேன். இடம்பெயர்ந்தது எங்களுக்கு ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்துவிட்டாள்.

டிசெம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் அங்கே கடல் ஊருக்குள் வந்தது. முல்லைத்தீவில் என் சின்னம்மாவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் போனார்கள். இங்கே கோயில் மண்டபத்தில் நாங்கள் உடுப்பும் மருந்தும் சேர்த்துக்கொண்டிருந்தோம். ஜினெத் தொலைபேசியில் விசாரித்தாள். பட்டும் படாமலும் மண்டபத்தின் விலாசத்தைச் சொன்னேன். அந்தப் பனியில் மூன்று பஸ் மாறி, இரண்டு பெரிய பைகளோடு வந்து நின்றாள். சேகரிப்புக்குப் பொறுப்பாயிருந்த செபஸ்தி அண்ணை பையைத் திறந்தார். கம்பளிக் கோட்டுகள், கையுறைகள், காது மூடும் தொப்பிகள். எல்லாவற்றுக்கும் மேலே, மடித்தபடி, அவளுடைய ஹொக்கிச் சட்டை.

“தங்கச்சி, முல்லைத்தீவில ஆர் இதைப் போடுறது?” என்றார் அண்ணை என்னிடம், தமிழில். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், அவளுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் சிரித்தேன். வரவேற்கிறார்கள் என்று நினைத்து ஜினெத்தும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து கேட்டாள்: “எல்லாரும் நனைஞ்சு போயிருப்பினம். குளிருமல்லோ?”

அவள் என்ன சொன்னாள் என்று அண்ணை கேட்டார். என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

பெப்ரவரியில் ஹொக்கிப் பருவம் முழுவதையும் ரத்துச் செய்தார்கள். கோடையில் சமாதானமானார்கள், முதலாளிமார் கேட்ட வரம்பு கிடைத்தது. ஒக்டோபரில் பனித்தளத்திலேயே ரசிகர்களுக்கு நன்றி என்று எழுதிவைத்தார்கள். இனி ஒரு ரிக்கட்டும் வாங்கமாட்டோம் என்று வானொலியில் சத்தம் போட்டவர்கள் விடிய முதலே வரிசையில் நின்றார்கள். இவர்களை ஏமாற்ற ஒரு வருடம் எதற்கு, ஒரு கிழமையே போதும்.

என் முதலாளியும் என்னைக் கூப்பிட்டார். ஜினெத் வருகிறாளா என்று கேட்டேன். அவளுக்கு இனிக் கால் ஏலாது, இளம் பிள்ளைகளை எடுத்திருக்கிறேன் என்றார். இரண்டு பையோடு மூன்று பஸ் ஏறி வந்த கால்கள் அவை. அதைச் சொல்லியிருக்கலாம். “திங்கட்கிழமை வாறன்” என்று சொல்லிவிட்டு தொலைபேசியை வைத்தேன். இவ்வளவு நேரமும் மற்றவர்களை ஏளனம் செய்தேனே, அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போய் நின்றவள் நான்தான். ஜினெத் இப்போது இல்-பிசார் என்ற தீவில் தமக்கையோடு இருக்கிறாளாம். போய்ப் பார்க்க அங்கே பஸ் குறைவு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நகரில் நடந்த முதல் ஆட்டத்தன்று பரிமாற ஆள் போதாமல் என்னையும் முன்னுக்கு அனுப்பினார்கள். இரண்டு கையிலும் தட்டோடு மேசைகளுக்கு நடுவே போனபோது தொலைக்காட்சியில் தேசிய கீதம் தொடங்கியது. பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். மற்றப் பாதி, கனடாவின் பாட்டுக்குத் தனிநாடு கேட்கிற கெபெக்கார் எழும்புவதா என்று, கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள். குடியுரிமைச் சத்தியம் செய்து எனக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. நின்றவர்கள் வழியை மறித்ததால் நான் நடுவில் நின்றேன். நின்றவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து மெச்சுதலாகத் தலையசைத்தார். இருந்தவர்களில் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாட்டு பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு இரண்டிலும் முதல் வரிக்கு மேல் தெரியாது. தட்டு கையைச் சுட்டது. வைப்பதற்கு ஒரு மேசையும் எட்டவில்லை.