அக்கா கையெழுத்திட்ட பீங்கான்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர், கடந்த வருடம் அக்காவை வழியனுப்பக் கொட்டும் மழையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றவர்கள். சிலர் அக்காவோடு வேலை செய்தவர்கள். இன்னும் சிலருக்கு அவரை அத்தானின் மனைவியாக மட்டுமே தெரியும். உங்கள் எல்லோருக்காகவும் அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன்.

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போக முடிவெடுத்தபோது எங்களையும் அழைத்தார்கள். “புள்ள படிச்சிக்கிட்டு இருக்கா. பாதியில இழுத்துக்கிட்டு வர ஏலாது,” என்று அப்பா மறுத்துவிட்டார். அந்த வார்த்தையை அக்கா கடைசிவரை மறக்கவில்லை. கண்டியில் மாமா வீட்டில் தங்கிப் படித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் பட்டம் பெற்றார். அம்மா காலமான பிறகு என்னைத் தான் குடியிருந்த குண்டசாலைக்கு அழைத்துவந்து வளர்த்தவரும் அவரே.

பல்லேகலவில் மின்சாரக் கம்பங்களுக்கான பீங்கான் காவலிகளைச் செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு, மின்சாரம் கம்பத்துக்குள் இறங்காமல் தடுக்கிறதே, அந்தப் பழுப்பு நிறக் குமிழ்தான் காவலி. அக்காவோடு பஸ்ஸில் போனால் வேறெதையும் பார்க்க விடமாட்டார். “அந்த மடிப்பப் பாருடி, பாவாட மாதிரி. எவ்வளவு மழ பேஞ்சாலும் அதுக்கு அடியில கொஞ்ச எடம் காஞ்சே இருக்கும். அதுனாலதான் கரண்ட் எறங்காது,” என்பார். வாகனத்தின் ஸ்பார்க் பிளக்கில் இருக்கும் வெள்ளைப் பகுதி, உருக்கு உலைகளுக்குள் அடுக்கும் செங்கல், தண்ணீர் வடிகட்டும் குழல் எல்லாம் ஒரே குடும்பம் என்று எனக்குச் சொல்லித் தந்தார். களிமண்ணும் கல்மாவும் சரியான சூட்டில் வெந்துவிட்டால் பிறகு எத்தனை மழைக்கும் கரையாது என்பதில் அவருக்கு ஒரு தீராத ஆச்சரியம் இருந்தது.

அக்காவின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டதும் அப்படியொரு காவலிதான்.

ஒரு நாள், மின்கம்பத்தில் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், காவலி உடைந்ததால் கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. உடைந்த துண்டை ஒரு சாக்கில் போட்டுத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். அன்று உடனிருந்த அக்காவின் தோழி எனக்குச் சொன்னது இது. அக்கா அந்தத் துண்டைக் கழுவிக் காயவைத்து, உடைந்த பக்கத்தில் நாக்கு நுனியை வைத்தார். நன்றாக வெந்த பீங்கான் நாக்கில் ஒட்டாது. அது ஒட்டியது. பிறகு சிவப்புச் சாயத்தில் ஊறவைத்துப் பார்த்தபோது சாயம் உள்ளே இறங்கியிருந்தது.

அந்தக் காவலியோடு சேர்த்துச் சுட்ட தொகுதி முழுவதும் நல்லதென்று கையெழுத்திட்டு அனுப்பியவர் அக்கா. சோதனைக்கு எடுத்த காவலிகள் எல்லாம் சூளையின் மேல்தட்டில் இருந்தவை. அங்கே சூடு போதியதாக இருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவை அரைவேக்காடாக வந்திருந்தன. அது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

“கட்டினவரு அளவுக்கு மிஞ்சி இழுத்திருப்பாரு. அப்படி எழுதி அனுப்பிருவோம் மிஸ்,” என்றார் மேலதிகாரி.

“அப்படி எழுதினா, விழுந்தவரு மேலதானே சார் பழி?”

“நம்ம பேரு என்னாகும்? யோசிச்சுப் பாருங்க.”

“யோசிச்சிட்டேன் சார். இதே சூளையில வெந்தது இன்னும் எத்தனையோ கம்பத்துல இருக்கு. நாளைக்கு இன்னொருத்தர் ஏறுவாரு.”

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகுதியைச் சேர்ந்த காவலிகள் எல்லாவற்றையும் பருவமழைக்கு முன்பாகவே கழற்றி மாற்றினார்கள். வேறு யாருக்கும் ஆபத்து வரவில்லை. அக்காவுக்கு வரவேண்டிய பதவியுயர்வு வரவில்லை. கொஞ்ச காலம் பொதி கட்டும் பகுதிக்கும் மாற்றப்பட்டார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுபடி தன் இடத்துக்கு வந்ததும் அவர் செய்த முதல் வேலை, சோதனைக்கான காவலிகளைச் சூளையில் சூடு மிகக் குறைந்த மூலையிலிருந்து எடுக்கச் சொன்னதுதான்.

அப்படி எழுதிக் கொடுத்த நாட்களிலேயே, விழுந்தவரைப் பார்க்க அக்கா பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். கட்டிலருகே அவருடைய தாயார் உட்கார்ந்திருந்தார். அக்கா தான் யாரென்று சொன்னதும் அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

“ஒங்க சாமானாலதான் எம்புள்ள இப்பிடிக் கெடக்கான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?”

கட்டிலில் கிடந்தவர்தான் பேசினார்.

“விடுங்கம்மா. எம்மேலதான் தப்புன்னு ஊரே சொல்லிக்கிட்டு இருந்திச்சு. இவங்கதான் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.” பிறகு அக்காவைப் பார்த்து, “உக்காருங்க மிஸ். அது ஏன் ஒடஞ்சிச்சின்னு எனக்கு வெளங்கச் சொல்லுங்க,” என்றார்.

அக்கா உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். பார்வையாளர் நேரம் முடிந்து தாதி வந்து எழுப்பும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் போனார். அதற்குப் பிறகு துணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அவர் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய பின் கல்யாணப் பேச்சை எடுத்ததும் அக்காதான். “பாவம் பாத்துத்தானே கேக்கிறீங்க?” என்றாராம் அவர். “பாவம் பாக்கிறவங்க பழம் வாங்கிக்கிட்டு வருவாங்க. கல்யாணம் கட்ட மாட்டாங்க,” என்றாராம் அக்கா. அப்படித்தான் எங்களுக்கு அத்தான் கிடைத்தார். அன்று ஆஸ்பத்திரியில் சத்தம் போட்ட மாமி, தன் கடைசிக் காலத்தில் அக்கா ஊட்டினால்தான் வாய் திறந்தார்.

அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. என் இரண்டு பிள்ளைகளும் பாடசாலை விட்டதும் குண்டசாலைக்குத்தான் ஓடுவார்கள். அத்தான் கம்பத்து வேலையை விட்டு, மின்சாரக் கந்தோரில் எழுத்து வேலைக்கு மாற்றம் பெற்று ஓய்வுவரை அங்கேயே இருந்தார். வருடங்கள் போகப்போக அவருடைய இடுப்பு மூட்டு தேய்ந்தது. அம்பிட்டியவில் எங்கள் வீட்டுப் படியில்கூட ஏற முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுவார். செயற்கை மூட்டு வைக்க வேண்டுமென்று டொக்டர் சொன்னார். தொடையெலும்பின் தலைக்குப் பதிலாக வைக்கும் உருண்டை பீங்கான் வகையைச் சேர்ந்தது, தேய்மானம் மிகவும் குறைவு என்றும் விளக்கினார்.

அக்கா கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்தத் தூளில் செய்தது, எவ்வளவு சூட்டில் சுட்டது, விழுந்தால் உடையுமா, எப்படிச் சோதிக்கிறார்கள். டொக்டர் சிரித்துக்கொண்டு, “நீங்க என்ன வேல செய்றீங்க?” என்று கேட்டார்.

“பீங்கான் வேலதான் டொக்டர்.”

அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். “டொக்டர், இவ பாத்து நல்லதுன்னு கையெழுத்து போட்டா எனக்குப் போதும். வேற ஒண்ணும் நான் கேக்க மாட்டேன்.”

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அம்மாவின் சாவிலும் அவர்தான் எங்களைத் தேற்றினார். அன்று டொக்டரின் மேசைக்கு முன்னால், முகத்தை மூடிக்கொண்டு அழுதார். இத்தனை வருடமும் அவர் மனதில் என்ன இருந்ததென்று அத்தானுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அத்தானும் அக்காவும் மாலையில் மகாவலிக் கரையோரம் நடந்தார்கள். நல்ல சில வருடங்கள் அவை. பிறகு அக்காவைப் புற்றுநோய் பிடித்தது.

அத்தான் வேறு யாரையும் கிட்ட விடவில்லை. தலை சீவுவது, கஞ்சி வைப்பது, உடுப்பு மாற்றுவது எல்லாம் அவரே. தெம்பிருந்த நாட்களில் அக்கா அவருடைய நடையைக் கவனித்துக் குறை சொல்வார்: “வலது கால நல்லா ஊண்டி வைங்க.” கடைசி வாரத்தில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “அவர தனியா விட்றாதடி.” ஒரு காலைப்பொழுதில், அத்தானின் கையைப் பிடித்தபடியே கண்மூடினார். மயானம்வரை ஏற்றம். வாகனத்தில் வரச் சொல்லி எல்லோரும் கெஞ்சியும் அத்தான் பாடைக்குப் பின்னாலேயே நடந்து வந்தார்.

அக்காவை அன்போடு கவனித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், நோன்பு நாட்களிலும் எங்களுக்குச் சமைத்து அனுப்பிய பக்கத்து வீட்டு ராத்தாவுக்கும், விடுமுறை போட்டுவிட்டு வந்து பந்தல் கட்டிய பல்லேகல நண்பர்களுக்கும், அத்தானோடு அன்று கம்பத்தில் வேலை செய்து இன்றுவரை உறவாக இருப்பவர்களுக்கும், மழையில் நின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

அக்கா, உங்களுக்கும் ஒரு செய்தி. குண்டசாலை வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அத்தான் மாதக்கணக்காகப் பிடிவாதம் பிடித்தார். இப்போது எங்களோடு அம்பிட்டியவில் இருக்கிறார். வந்த புதிதில் வைத்ததைத் தின்றுவிட்டு, எதுவும் கேட்காமல் விருந்தாளி போல உட்கார்ந்திருந்தார். இன்று காலை குசினிக்கே வந்து, “தேத்தண்ணியில சீனி காணாது தங்கச்சி,” என்றார்.