சின்யோரா வெட்டாத இடம்

இத்தாலியில், பலெர்மோ நகரின் லிபெர்த்தா பகுதியில் அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, நாங்கள் சின்யோரா என்று அழைப்பவர், கிரேக்க நாட்டவர், திரைப்பட இயக்குநர். பிறர் எடுத்த படங்களில் வேண்டாத துண்டுகளை வெட்டி ஒட்டுவதுதான் இளவயதில், ஏதென்ஸில், அவருக்குக் கிடைத்த முதல் வேலை. கமராவைத் தொடப் பெண்களை விடாத காலம். நாட்டைப் பட்டாளம் பிடித்தபோது வெளியேறி, ஊர் ஊராகப் படமெடுத்து, கடைசியில் இங்கே தங்கிவிட்டார். இதையெல்லாம் எனக்குத்தான் சொல்வார். அம்மாவின் இத்தாலியன் வேலைக்கு மட்டுமே போதும். எனக்கோ தண்ணீர்பட்ட பாடு. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்தான். அந்த மிடுக்கு அப்போதே இருந்தது.

வயதான காலத்தில் சின்யோரா தன் கடைசிப் படத்தைத் தொடங்கினார். ஊரைவிட்டு வந்த பெண்களைப் பற்றியது. அதில் அம்மாவும் வரவேண்டும், வழமைபோல வந்து கமரா முன் தரை துடைத்தால் போதும் என்றார்.

அம்மாவோ ஈஸ்டர் பூசைக்குக் கட்டும் பட்டுச்சேலை, சித்தியிடம் இரவல் வாங்கிய சங்கிலி, தலையில் மல்லிகை என்று வந்து நின்றார். கமராக்காரன் சிரித்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேலை உடுப்போடு வரச் சொன்னாவே என்று முணுமுணுத்தேன்.

"ஊரிலை, மன்னாரிலை எல்லாரும் பாப்பினம். நான் இஞ்சை கடையிலை வேலைக்கு நிக்கிறன் எண்டுதான் அங்கை சொல்லியிருக்கிறன். வாளியோடை என்னை எடுக்கேலாது எண்டு சொல்லு. வேலை போனாலும் பரவாயில்லை."

அப்பாவுக்கு வேலை இல்லாத வருடம் அது. கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன்.

சின்யோரா, தன் முதல் படத்தில் தன் தாய் பிறர் துணி வெளுப்பதைக் காட்டியதாகவும், அரங்கில் அதைப் பார்த்த தாய் பாதியில் எழுந்து போய்விட்டதாகவும், சாகும்வரை மகளின் வேறெந்தப் படத்தையும் பார்க்கவில்லை என்றும் சொன்னார். தன் கதிரையைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு அம்மாவை அதில் இருத்தினார்.

வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய அரங்கில் படத்தைக் காட்டினார்கள். திரையில் அம்மா பட்டுச்சேலையோடு நிமிர்ந்து இருந்தார். ஒன்றுமே நடக்கவில்லை, எனக்கு அலுத்துப் போயிற்று. பிறகு, தன்னை அறியாமலே, அம்மாவின் கை சேலைத் தலைப்பை எடுத்துக் கதிரையின் கைப்பிடியைத் துடைத்தது. அதோடு படம் முடிந்தது.

முன்வரிசையிலிருந்த சின்யோரா திரையைப் பார்க்கவில்லை. திரும்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா எழுந்து போகவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நான் வடிவாய் இருந்தனான் என்ன?"

"ஓம்" என்றேன்.

பாவம், வயது போனதில் சின்யோரா, அம்மா கைப்பிடியைத் துடைத்த அந்த இடத்தை வெட்ட மறந்துவிட்டார் என்று வீடு வரும்வரை நான் கவலைப்பட்டுக்கொண்டே வந்தேன்.