வண்டி கிளம்பக் காத்திருந்த அண்ணன்

அண்ணன் இல்லாத முதல் ஆண்டைக் கடந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அவரைப் பற்றிச் சொல்ல உங்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். தங்கை என்ற உரிமையில் என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் சிலமலையில் பிறந்தார். அப்பா காலமானபோது அவருக்குப் பதினாறு வயது. படிப்பை விட்டுவிட்டு வயல் வேலைக்குப் போனார். பிறகு போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த ஜீப்தான். கோபமே வராதவர் என்று எழுத ஆசை. ஆனால் அவர் வண்டிக்குள் வெற்றிலை துப்பியவர்கள் சாட்சி சொல்ல வந்துவிடுவார்கள்.

என் மகன் மூன்று வயது வரை ஒரு சொல்லும் பேசவில்லை. மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, காதில் குறை இல்லை, பேசி விளையாடுங்கள், மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். ஊராருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான் வேலைக்குப் போவதும், சமைக்கும் நேரத்தில் பிள்ளை கையில் போனைக் கொடுத்ததும்தான் காரணம் என்றார்கள். நானும் நம்பினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் உட்கார்ந்து, அம்மாவாக இருக்கவே எனக்குத் தகுதியில்லை என்று அழுதேன். அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை. மகனிடம் நான் பேசுவதையே கொஞ்ச நேரம் கவனித்தார்.

"கேள்வியும் நீயே கேக்குற, பதிலும் நீயே சொல்லிர்ற. அவன் எப்ப ஆத்தா பேசுவான்?"

அன்றே விளையாட்டு தொடங்கியது. வாசலில் நின்ற ஜீப்பின் சாவியை எடுத்துவிட்டு, டிரைவர் சீட்டில் என் மகனை உட்காரவைத்தார். அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய இரண்டு பெண்களும் நானும் பயணிகள். எங்கே போகிறோம் என்று டிரைவர் சொன்னால்தான் வண்டி கிளம்பும். அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வாரம் முழுக்க மலை ஏறி இறங்கியவர், ஓய்வு நாளிலும் நகராத ஜீப்பில் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. முந்தல் என்று சொல்லு சாமி, போடிமெட்டு என்று சொல்லு என்பேன். அண்ணன் முறைப்பார்.

நான்காவது ஞாயிறும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி திரும்பி, என்னைப் பார்த்து, "எறங்கு" என்றான்.

அம்மா என்று கூப்பிடுவான் எனக் காத்திருந்தவளுக்குக் கிடைத்த முதல் சொல் அது.

"டிரைவரு சொல்லிட்டாருல்ல, வெரசா எறங்கு ஆத்தா" என்றார் அண்ணன்.

தெருவில் இறங்கி நின்று அழுதேன். அண்ணனும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்கு வெயில் என்றார்.

சின்னப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஜீப் விளையாட்டு மருந்தாகிவிடாது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆனால் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். வாரத்தில் அரை மணி நேரம் பிள்ளையோடு சும்மா உட்கார அண்ணனுக்கு முடிந்தது, நமக்கும் முடியும்.

சிறுநீரகக் கோளாறால் அண்ணன் மதுரை மருத்துவமனையில் படுத்திருந்த நாட்களில், ரத்தம் கொடுத்த ஜீப் ஓட்டுநர்களுக்கும், அண்ணியைத் தனியே விடாமல் முறைவைத்துத் தங்கிய உறவினர்களுக்கும், பெண்களுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பிய பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனையில் அண்ணி போனை அண்ணன் பக்கம் பிடித்துக்கொள்ள, இங்கே என் மகன் பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டே போனான். ஸ்பீக்கரில் அண்ணனுக்கு மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. மாமாவுக்கு முடியவில்லை, போதும் என்று சொல்லி, மகனிடமிருந்து போனை வாங்கக் கை நீட்டினேன்.

"பேசட்டும் விடு ஆத்தா."

கையை எடுத்துக்கொண்டேன். அண்ணன் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.