காளி வேஷம் கட்டியவனின் முகம்

மாலை நான்கு இருபதுக்கு எதிர்வீட்டுத் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார்கள். திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகளும் அவள் தோழியும் ஆற்றங்கரை ஊர் ஒன்றின் காவல் நிலையத்தில் இருக்கிறார்கள், வந்து கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். கணவர் வெளியூரில் இருந்தார். தனியாகப் பஸ் ஏறினேன்.

அவள் எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரியும். வாழைத்தோப்பில் பட்டப்பகலில் நடந்த கொலைக்காக அந்த ஊர்க்காரன் ஒருவன் ஐந்து வருடமாகச் சிறையில் இருந்தான். தோப்பிலிருந்து ஓடியவனின் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாக ஒரே ஒரு சாட்சி. ஆனால் அது தசரா நேரம். குலசேகரன்பட்டினம் அம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டுவதாக நேர்ந்து மாலை போட்டிருந்தான், இப்போது சிறையில் இருக்கிறவன். கொலை நடந்த அன்று பொழுதடையும்வரை காளி வேஷத்தில், முகமெல்லாம் சாயமும் கோரைப்பல்லுமாகப் பக்கத்து ஊரில் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்தான். சாட்சி சொன்னதில் வேஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவனுக்கு அரசு கொடுத்த இலவச வக்கீல் அதைக் கேட்கவுமில்லை. வேஷத்தில் அவனுக்கு உடனிருந்தவர்களை, வாயைத் திறந்தால் நீங்களும் உள்ளே என்று போலீஸ்காரர்கள் அப்போதே மிரட்டி வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவராவது வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் மேல்முறையீட்டில் இதைச் சொல்ல முடியும். அந்த மேல்முறையீட்டுக்கு உதவ ஞாயிறுதோறும் பிள்ளைகள் இரண்டு பேரும் கதவு கதவாகப் போய்க் கேட்டும் யாரும் முன்வரவில்லை.

கேட்க வேண்டியதை ஐந்து வருடமாக ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. கேட்ட இரண்டு பெண்களைத்தான் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, வயசுப் பிள்ளைய கொலகாரனுக்கு வக்காலத்து வாங்க அனுப்பிட்டு நீங்க வீட்டுல என்ன செய்யுதிய?" என்றார் இன்ஸ்பெக்டர். எந்தச் சட்டப் பிரிவில் எங்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று மகள் கேட்டாள். அவர் ஏட்டையாவைப் பார்த்துச் சிரித்தார். "பிரிவு கேக்கா வே. படிச்ச பிள்ளைல்லா."

இனி இந்த ஊர்ப்பக்கம் வரமாட்டோம் என்று எழுதித் தந்தால் விட்டுவிடுவாராம். எழுதிக் கொடுத்துவிடு, போய்விடலாம் என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"நான் எழுதிட்டா அவன் உள்ளயே கெடக்க வேண்டியதுதாம்மா."

இருட்டத் தொடங்கியிருந்தது.

அப்போது அழுக்கு வேட்டியோடு ஒருவர் படியேறி வந்தார். போன வாரம் இதே பிள்ளைகளைத் தன் வீட்டு வாசலில் நிற்கவிடாமல் விரட்டியவர். இன்று நடுத்தெருவில் அவர்களை ஜீப்பில் ஏற்றியதையும் பார்த்தவர். இன்ஸ்பெக்டரை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. என் மகளிடம் சொன்னார்:

"எம்மா, அன்னைக்கு அவன் மூஞ்சிக்குச் சாயம் பூசுனது நான்தான். எங்கன கையெழுத்துப் போடணும்?"