கத்தக் கற்றுக்கொடுத்தவள்

பெட்ரோனிலா ரியாஸ்கோஸ் எங்கள் ஆற்றின் மேல்கரைக்கு மருத்துவச்சி. இருநூறு பிள்ளைகளுக்கு மேல் கையில் ஏந்தியவள். ஆனால் அவள் பெயர் பரவியது அதனால் அல்ல, கர்ப்பிணிகளுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்ததால்.

எங்கள் பெண்கள் பிரசவத்தில் கத்த மாட்டார்கள். கத்துவது வெட்கக்கேடு. ஒருத்தி கத்திவிட்டால் அதை அவள் பேத்தியிடம்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். துணியைக் கடித்துக்கொண்டு பெற்றெடுப்பதுதான் இங்கே பெருமை. நகரத்து ஆஸ்பத்திரிக்கு இந்தப் பெருமை புரிவதில்லை. எங்களைப் போல ஒரு கறுப்பி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவளுக்கு வலியே இல்லை என்று எழுதிவிடுவார்கள். பெட்ரோனிலா இருபத்திரண்டு வயதில், பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்க, அங்கே ஆறு மணி நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பையன் உயிரில்லாமல் பிறந்தான்.

அதன் பிறகுதான் இந்தப் பாடம். தன்னால் முடியாத பிரசவம் என்று தெரிந்தால் பெண்ணைப் படகில் ஏற்றுவாள். நாலு மணி நேரப் பயணம். வழியெல்லாம் கத்திப் பழக வேண்டும்.

அன்று வந்தவள் யாஹைரா. பத்தொன்பது வயது, தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். கால் இரண்டும் பூசணிக்காயாய் வீங்கியிருந்தன. இரண்டு நாளாகத் தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள். ரத்தக் கொதிப்பு என்று பெட்ரோனிலாவுக்குத் தெரிந்துவிட்டது. இனித் தாமதித்தால் வலிப்பு வரும், இரண்டு உயிரும் போகும். உடனே படகில் ஏற்றினாள்.

"கத்துடி."

"ஐயோ, வெக்கமா இருக்குக்கா. தலைவலிக்கு யாராச்சும் கத்துவாங்களா?"

"நீ கத்தணும். இல்லாட்டி அங்க உன்னத் திரும்பிப் பாக்க நாதியில்ல."

யாஹைரா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

"நல்லாத்தான் கத்துது பொண்ணு. மீனெல்லாம் கரையேறி ஓடுது பாருங்க," என்றான் படகோட்டி சட்டுர்னினோ.

"வாய மூடிட்டு ஓட்டுடா, எருமை."

ஆஸ்பத்திரியில் கூட்டம். நர்ஸ் யாஹைராவை ஏற இறங்கப் பார்த்தாள். "தலைவலிதானே? வெயில்ல வந்திருப்ப. உங்க ஆத்தங்கரைப் பொம்பளைங்க எல்லாம் கல்லு மாதிரி ஆச்சே. தண்ணி குடிச்சிட்டு உக்காரு."

"பிரஷர் மட்டும் பாத்துடுங்கம்மா," என்றாள் பெட்ரோனிலா.

"நீ டாக்டரா?"

பின்னால் வந்த நகரத்துப் பெண்கள் மூன்று பேர் முன்னால் போனார்கள். பெட்ரோனிலா சொன்னபடி யாஹைரா கத்த முயன்று பார்த்தாள், சத்தம் எழவில்லை. பிறகு பேச்சு குழறியது. தலை சுவரில் சாய்ந்தது.

அறுபத்தொரு வயதுக்காரி பெட்ரோனிலா பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நடைபாதையின் நடுவே மல்லாந்து படுத்தாள். கத்தினாள். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. காவலாளி ஓடிவந்தான், அவனுக்குப் பின்னால் ஒரு இளம் டாக்டர்.

"என்னம்மா, எங்க வலிக்குது?"

"எனக்கில்ல, சாமி. இந்தப் பொண்ணுக்குப் பிரஷர் பாருங்க."

பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. டாக்டரின் முகம் மாறியது. தள்ளுவண்டி வந்தது. இரண்டு நிமிடத்தில் யாஹைராவை உள்ளே கொண்டுபோனார்கள்.

காரியம் முடிந்தது. பெட்ரோனிலா எழுந்திருக்க வேண்டியதுதான். எழவில்லை. மறுபடியும் கத்தினாள்.

சட்டுர்னினோ குனிந்தான். "போதும்க்கா. அவள உள்ள கூட்டிட்டுப் போயாச்சு."

தெரியும் என்று தலையாட்டினாள். ஆனாலும் கத்தினாள். நிறுத்த முடியவில்லை. காவலாளி தூக்கப் பார்த்தான், விட்டுவிட்டான். அந்த நர்ஸ் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்து, கொடுக்கவும் தோன்றாமல் நின்றாள்.

நாலு மணிக்கு அதே நர்ஸ்தான் சேதி கொண்டுவந்தாள். ஆபரேஷன், பெண் குழந்தை, ஒன்றே முக்கால் கிலோ, தாய் பிழைத்துக்கொண்டாள். பெட்ரோனிலா ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். தொண்டையில் குரலே இல்லை. கண்ணைக் காட்டி, கன்னத்தில் விரலால் கோடு இழுத்தாள்.

"குழந்தை அழுதுச்சு. நான் உள்ள நுழைஞ்சதும் அதான் கேட்டுச்சு," என்றாள் நர்ஸ்.