போன் வைத்தால்தான் பாட்டுப் புத்தகம்

சிட்லபாக்கத்து கெசியாவுக்கு ஆபீஸ் தோழிகளிடம் நல்ல பேர். ஒன்றரை வயது மகன் ஆரோனை மடியில் வைத்துப் பாட்டுப் புத்தகம் படிப்பாள். எதிரே தண்ணீர் பாட்டிலில் சாய்த்த போன் வீடியோ எடுக்கும். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் ஹார்ட்டாகக் குவியும். வீடியோ எடுக்காத நாளில் புத்தகம் அலமாரியை விட்டு இறங்காது. அசதியாம். லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு போன் முன்னால் உட்கார மட்டும் எங்கிருந்தோ தெம்பு வந்துவிடும்.

ஞாயிறன்று சர்ச்சில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சாராள் அக்கா, யானைப் படம் போட்ட புத்தகம் ஒன்றை ஆரோனிடம் கொடுத்தார். "அம்மாவைப் படிக்கச் சொல்லுடா கண்ணா."

அவன் நேராகப் போய் அம்மாவின் கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தான். அக்காவின் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான். பிறகுதான் அம்மா மடியில் வந்து உட்கார்ந்து, போனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன கெசியா, ஷூட்டிங்கா?" அக்கா விளையாட்டாகத்தான் கேட்டார். கெசியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போனைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள். "குட்டி யானை குளிக்குது, கொட்டும் தண்ணி தெறிக்குது" என்று அவசரமாகத் தொடங்கினாள்.

ஆரோன் புத்தகத்தை மூடிவிட்டு மடியிலிருந்து இறங்கினான். அவனுக்குத் தெரிந்தவரை, போன் உள்ளே போனால் படிப்பு முடிந்தது.