குழி எந்தப் பக்கம்

எனக்குக் கோர்வையா எழுத வராதுங்க, பாதி மறந்தும் போகுது. பொறுத்துக்கோங்க.

பெருந்துறையில மோட்டார் பெட்டிக்குள்ள வைக்கிற போர்டு செய்யற சின்ன கம்பெனியில வேலை செய்யறேன். எட்டுக் கால் வச்ச கறுப்பு ஐசியைப் போர்டுல சொருகணும். ஐசியோட ஒரு ஓரத்துல அரைவட்டமா சின்னக் குழி இருக்கும். அது ஜன்னல் பக்கம் பார்த்திருக்கணும், திருப்பிச் சொருகிட்டா கரண்ட் கொடுத்ததும் ஐசி சூடாகிக் கெட்டுப்போகும். பிளாஸ்டிக் குழாய்க்குள்ள எல்லா ஐசியும் ஒரே பக்கம் பார்த்துத்தான் வரும். அதனால நாங்க யாரும் குழியைப் பார்க்காமலே சொருகுவோம்.

அன்னைக்கு என் குழாய் கைதவறிக் கொட்டிப்போச்சு. "நீங்க குனியாதீங்கம்மா"ன்னு டெஸ்டிங் பாக்கற செல்வி எல்லாத்தையும் பொறுக்கிக் குழாய்க்குள்ள போட்டுக் கொடுத்தா. நானும் பழக்கத்துல சொருகிப்போட்டேன்.

செல்வி கரண்ட் கொடுத்தா. போர்டுல இருக்கற விளக்கு எரியலை. லேசா ஒரு வாடை வந்துச்சு.

"ஏனுங்கம்மா, இதுக்குக் காய்ச்சல் வந்திருச்சாட்ட இருக்குதுங்க, இப்படிச் சுடுது"ன்னு சிரிச்சுக்கிட்டே முகத்தைக் கிட்டக் கொண்டுபோனா.

அப்பத்தான் பார்த்தேன், குழி ஜன்னலைப் பார்க்காம அவ பக்கம் திரும்பியிருந்துச்சு. நாலு பேர் முன்னால எனக்குச் சத்தமே வராது. அன்னைக்கும் வரலை. கை மட்டும் போய் அவ சடையைப் பிடிச்சு இழுத்துச்சு. ஐசி டப்புன்னு வெடிச்சு, அதோட சில்லு அவ முகம் இருந்த இடத்தைத் தாண்டிச் சுவத்துல அடிச்சுது.

"வலிக்குதுங்கம்மா"ன்னா. என் விரல் சடையை விடவே இல்லை.

இப்ப ஒவ்வொண்ணையும் பார்த்துத்தான் சொருகறேன். ஆனாலும் அவ ஸ்விட்சு போடறப்ப என் கை தானா அவ சடைப் பக்கம் போகுது. குழியை மேலே வச்சா இடது பக்கம் மேலே இருக்கறது முதல் கால், அங்கிருந்து கீழே இறங்கி, வலது பக்கமா மேலே ஏறி எண்ணணும்னு செல்வி சொன்னா. நான் சரியாத்தான் எழுதியிருக்கறேனான்னு தெரிஞ்சவங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க. இதை நம்பி யாராவது கரண்ட் கொடுத்துருவாங்க.